வரிசை தாண்டாத மெஷின்காரர்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் கீழ்வேளூர் பக்கத்தில் யாராவது படித்துவிட்டு, "அட, நம்ம ஆளு" என்று கொண்டுபோய் அவரிடமே நீட்டிவிடுவார்கள். என்னால் அவருக்கு ஆனது போதும். எங்கள் பள்ளியில் அவரை மெஷின்காரர் என்போம். நானும் அப்படியே சொல்கிறேன்.

வயலுக்கு மருந்தடிக்கும் பாட்டரி ஸ்பிரேயர், தையல் மெஷின் மோட்டார், எங்கள் பள்ளியின் புல்வெட்டும் மெஷின், எது வந்தாலும் அவரிடம் ஒரே வரிசைதான். சின்னதிலிருந்து பெரிசுக்கு. முதலில் சாவி செருகியிருக்கிறதா, ஸ்விட்ச் போட்டிருக்கிறதா. அப்புறம் பாட்டரியில் சார்ஜ். அப்புறம் பாட்டரி உட்காரும் இடத்தில் அழுக்கா, எறும்பா. அப்புறம் பிளேடில் ஏதாவது சிக்கியிருக்கிறதா. அப்புறம் வயர், அப்புறம் மோட்டார். இது எல்லாம் முடிந்து, வேறு வழியே இல்லை என்றால்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உள்ளே இருக்கும் போர்டுக்குப் போவார். நடுவில் ஒரு படியைத் தாண்டச் சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

"அவசரப்பட்டு வயித்தைக் கிழிக்கக் கூடாதுங்க டீச்சர். முக்காவாசி நோவு வெளியிலதான் இருக்கும்" என்பார்.

எனக்கு இந்தப் பேச்சு தேனாக இனித்தது. நான் கணக்கு டீச்சர். தலைமை ஆசிரியை ஆன பிறகும் பத்தாம் வகுப்புக்குக் கணக்கை நானேதான் எடுத்தேன். விடை சரியாக இருந்தாலும் படிப்படியாக எழுதாத பிள்ளைக்கு மார்க் போடமாட்டேன். ஊரில் முக்கால்வாசிப் பேர் எதையும் தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு உதை விட்டுப் பார்க்கிறவர்கள். அவர்களுக்கு நடுவில் இப்படி ஒரு மனிதர்! ஆசிரியர் கூட்டத்திலேயே அவரைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

அந்த வரிசைதான் அவர் மனைவியைக் கொண்டுபோயிற்று. அதில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் அவரை முழுதாகச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் அது அவருக்குச் செய்யும் இன்னொரு அநியாயம்.

எங்கள் பள்ளி நாகப்பட்டினம் ரோட்டில் வயலுக்கு நடுவே இருக்கிறது. முன்பக்கம் புல்தரை, அதில்தான் சின்னப் பிள்ளைகளின் சறுக்குமரம். மழை பெய்தால் கோரையும் அருகும் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். ஒரு தடவை சறுக்குமரத்தடியில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. அதற்குப் பிறகு புல்லைக் கணுக்காலுக்கு மேல் வளரவிடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பெட்ரோல் மெஷின் வைத்து வெட்டினால் இரண்டு தெருவுக்குக் கேட்கும், பாடம் நடத்த முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் என் புலம்பலைக் கேட்டு, வயர் இல்லாமல் பாட்டரியில் ஓடும் மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பினான். ஓடினால் டேபிள் ஃபேன் சத்தம்தான் வரும்.

வந்த மூன்றாம் மாதம் படுத்துவிட்டது. சார்ஜரில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது. பாட்டரி போச்சு என்றார் எலக்ட்ரீஷியன். வெளிநாட்டுச் சாமான் இப்படித்தான் என்றார் வாட்ச்மேன். யாரோ சொல்லி மெஷின்காரரைக் கூப்பிட்டோம்.

மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் வெந்த நிறம், சட்டைப்பையில் ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ். மெஷினைத் தொடவில்லை. எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னைத்தான் விசாரித்தார்.

"எந்நேரத்துலங்க சார்ஜ் போடுவீங்க?"

"மதியானம். பிள்ளைங்க சாப்பிடப் போனதும்."

"போன மாசமும் மதியானந்தானா?"

"ஆமா. அப்ப நல்லாத்தான் ஏறிச்சு."

எழுந்து போய் எங்கள் மதில் மேல் எட்டிப் பார்த்தார். சுற்றிலும் குறுவைக்கு மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. வகுப்பறை ஃபேன்கள் தூக்கக் கலக்கத்தில் சுற்றுவது போலச் சுற்றின.

"இத்தன மோட்டாரு இழுக்கறப்ப உங்களுக்கு என்னங்க மிச்சம் வரும்? லோ வோல்டேஜ். காலைல வெள்ளென போட்டுப் பாருங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போட்டோம். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் மெஷினை ஓட வைத்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவர் சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷம் ரோட்டோரம் புல் வெட்டியவர். "நம்ம ஊர்ல புல்லு இல்லைன்னா அங்க போனீங்க?" என்று ஒரு தடவை சீண்டினேன். சிரித்தார். "அங்க புல்லுக்கு மரியாதை உண்டுங்க டீச்சர். அட்டவணை போட்டு வெட்டுவோம்."

வரிசை அவருக்கு அங்கே வந்ததுதான். கூட வேலை செய்த ஒரு பையன், மன்னார்குடிப் பக்கத்துக்காரன், மெஷின் நின்றதும் சாவியைக் கழற்றாமல் அடியில் கையை விட்டான். சிக்கியிருந்த கொடி விலகியது, பிளேடு சுற்றியது. மூன்று விரல்கள். "புல்லுல தேடி எடுத்துக் கொடுத்தது நான்தான்" என்றார். அதற்குப் பிறகு கம்பெனியில் எல்லா மெஷினிலும் முதலில் எது, அடுத்து எது என்று அச்சடித்த அட்டையைத் தொங்கவிட்டார்களாம். ஊருக்கு வரும்போது எல்லாரும் சாக்லேட்டும் தைலமும் கொண்டுவந்தார்கள், இவர் அந்த அட்டையையும் கொண்டுவந்தார். கீழ்வேளூரில் அவர் கடைச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், அது ஆணியடித்துத் தொங்கியது.

எங்கள் ஆயாம்மாவுக்கும் அவர் பாடம் எடுத்தார். புல் வெட்டுவது ஆயாம்மாதான். மெஷினின் கைப்பிடிக்குக் கீழே கட்டைவிரல் அளவில் ஒரு மஞ்சள் சாவி செருகியிருக்கும். அது இல்லாவிட்டால் மெஷின் ஒன்றும் செய்யாது. "வெட்டி முடிச்சதும் இதப் புடுங்கிடணும். புள்ளைங்க கைக்கு எட்டாத எடத்துல வைக்கணும். மறந்தீங்கன்னா நான் வரமாட்டேன்" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஆயாம்மா என் அறை பீரோ மேலிருந்த சாக்பீஸ் டப்பாவில் சாவியைப் போட ஆரம்பித்தாள்.

கடைக்குப் போனால் அவர் மனைவியைப் பார்க்கலாம். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வயருக்கு ஈயம் வைப்பார். புகை கண்ணில் படாமல் தலையைச் சாய்த்து, உதட்டைச் சுழித்துக்கொண்டு வைப்பது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மெஷின்காரரைக் கிண்டல் செய்ய உரிமை உள்ள ஒரே ஆள் அந்த அம்மாதான்.

ஒரு நாள் ஒரு விவசாயி ஸ்பிரேயரைத் தோளிலிருந்து இறக்கி, "பம்ப்பு போயிடுச்சு, மாத்திக் குடுங்க, பூச்சி பயிரைத் திங்கிது" என்று குதித்தார். மெஷின்காரர் அசையவில்லை. ஸ்விட்ச், சார்ஜ், டேங்க் மூடியில் காற்று ஓட்டை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த மனிதருக்குப் பொறுக்கவில்லை.

"பம்ப்பைப் பாருய்யான்னா மூடியைப் பாக்கிறியே!"

"நீங்க வேறங்க" என்றார் மனைவி, தலை நிமிராமல். "சோறு வேகலைன்னு சொன்னா, அடுப்பு எரியுதான்னு கேப்பாரு. எரியுதுன்னா, பானையில அரிசி போட்டியான்னு கேப்பாரு. இருபது வருஷமா பதில் சொல்றேன் நான்."

அந்த விவசாயியே சிரித்துவிட்டார். கடைசியில், மருந்து பீய்ச்சும் நாசில் ஓட்டையில் ஒரு உமி அடைத்திருந்தது. மனைவி தன் தாலிச்சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார், இவர் குத்தி எடுத்தார். கேட்காமலேயே கொடுத்தார், பார்க்காமலேயே வாங்கினார்.

அவ்வளவுதான். அந்த அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் தெரிந்திருந்தால் அன்று வேறு மாதிரி பேசியிருப்பேனோ என்னவோ.

அன்று என்பது ஆண்டு விழாவுக்கு முதல் நாள். அறுவடை முடிந்து வயலெல்லாம் உளுந்து முளைத்துக் கிடந்த நேரம். புல்தரையில்தான் மேடை. பாதி வெட்டியிருக்கும்போது மெஷின் நின்றுவிட்டது. காலை பத்து மணிக்கு மெஷின்காரர் வந்தார், வழக்கம்போல உட்கார்ந்தார், சாவியில் தொடங்கினார். நான் நாற்காலிகளை எண்ணிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

பாட்டரி உட்காரும் இடத்தைப் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கை அழுக்கு என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, நெஞ்சுக்குக் கீழ அடைக்கிற மாதிரி இருக்கு. தோள்பட்டை வரைக்கும் இழுக்குது."

"காலைல என்ன சாப்புட்ட?"

"நேத்து மீன்கொழம்பு இருந்துச்சு, இட்லிக்கு ஊத்திக்கிட்டேன்."

"அதான் வாயு. ஓமத்தண்ணி போட்டுக் குடி. கேக்கலைன்னா சொல்லு."

எனக்குத் தப்பாகவே படவில்லை. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எங்கள் பக்கத்தில் நெஞ்சில் எது வந்தாலும் முதலில் வாயுதான். பெண்களுக்கு என்றால் கடைசிவரை வாயுதான்.

கால் மணி நேரம் கழித்து மறுபடி போன். "குடிச்சேங்க. வேத்து வேத்து ஊத்துது."

"சோடா வாங்கிக் குடி. ஏப்பம் வந்துட்டா எறங்கிடும். அதுக்கும் கேக்கலைன்னா மெடிக்கல்ல மாத்திரை சொல்றேன். அதுக்கும் கேக்கலைன்னா டாக்டரு."

இந்தத் தடவை போனை வைத்துவிட்டு உடனே குனியவில்லை. என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் தினமும் பார்க்கிறேன். போகவா என்று கேட்ட பார்வை அது.

"வாயுன்னா எனக்கும் இப்படித்தான் வேர்க்கும். சோடா குடிச்சா சரியாயிடும்ணே" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அடுத்தது பிளேடுதானே? அதையும் பாத்துட்டுப் போயிடுங்களேன். நாளைக்கு விழா."

அவர் சாவியைக் கழற்றினார், பாட்டரியைக் கழற்றினார், மெஷினைச் சாய்த்தார். பிளேடின் அச்சில் பலூன் கட்டும் ரிப்பன் சுற்றிக் கிடந்தது, ஒத்திகையில் பிள்ளைகள் போட்டது. சிவப்பு ரிப்பன். கத்தியால் அறுத்தால் வேகமாக வந்துவிடும், ஆனால் அறுந்த துண்டு உள்ளே போகும் என்று சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். எவ்வளவு நேரம் ஆனது என்று என்னைக் கேட்காதீர்கள். எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, சாவியைச் செருகி, அழுத்தினார். ஓடியது. நான் கைதட்டினேன். ஆமாம், கைதட்டினேன்.

சத்தம் போடாத மெஷின் அல்லவா, அது ஓடும்போதே போன் அடித்தது நன்றாகக் கேட்டது. பேசியது அவர் மனைவி இல்லை. கடைக்குப் பக்கத்துச் சோடாக் கடைக்காரர்.

நாகப்பட்டினம் போகும் வழியிலேயே, காரில், எல்லாம் முடிந்துவிட்டது. இதய அடைப்பு என்றார்கள். அவர் வரிசையில் அது கடைசிப் படி, யாரும் அவசரப்பட்டுத் திறக்கக் கூடாத போர்டு. மறுநாள் ஆண்டு விழா நடந்தது. தள்ளிவைக்க நான் வாயெடுத்தேன், தாளாளர் முடியாது என்றார், அதற்கு மேல் நான் பேசவில்லை. அவர் ஓட வைத்த மெஷின் வெட்டிய புல்தரையில் பிள்ளைகள் ஆடினார்கள்.

துக்கத்துக்குப் போனேன். தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கும் அவர் மகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒருவர், எப்படி ஆச்சு என்று கேட்டார். மெஷின்காரர் சொல்ல ஆரம்பித்தார். முதலில் ஓமத்தண்ணீர், அப்புறம் சோடா, அப்புறம் மாத்திரை சொல்லலாம் என்று இருந்தேன் என்று வரிசை தவறாமல் சொன்னார். வந்தவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னார். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ மகள் தலையைத் தூக்கினாள்.

"அம்மாவும் மெஷினாப்பா?"

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. டீச்சர்தான் முடித்துவிட்டுப் போகச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். மூலையில் உட்கார்ந்து அவர் சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருந்தேன், சொல்லாதபோது உள்ளுக்குள் பெருமூச்சும் விட்டேன். இரண்டும் நான்தான்.

இரண்டு மாதம் கழித்துக் கடை திறந்தார். அட்டை சுவரில் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. மேஜை நிறைய வயிறு பிளந்த ஸ்பிரேயர்கள். இப்போதெல்லாம் வந்ததும் வராததுமாகப் பிரித்துப் போட்டுவிடுகிறார் என்று ஊரில் பேச்சு. உமி அடைத்த நாசிலுக்கும் போர்டைக் கழற்றினாராம். பிரித்ததை மூடுவதற்குள் அடுத்தது வந்துவிடும், அதையும் பிரிப்பார். ஈயம் வைக்கும் நாற்காலியில் மழைக்கோட்டு ஒன்றை மடித்து வைத்திருந்தார். ஆட்கள் வருவது குறைந்துவிட்டது.

ஐப்பசி மழை விட்டதும் எங்கள் புல் மறுபடி எழுந்து நின்றது. ஆயாம்மா பத்து நாள் லீவு. வாட்ச்மேன், தானே வெட்டுகிறேன் என்று போனவர், மெஷின் கம்மென்று கிடக்கிறது என்று வந்து நின்றார். எனக்கு உடனே மெஷின்காரரைக் கூப்பிடத் தோன்றியது. உண்மையைச் சொன்னால், மெஷினுக்காக இல்லை. அவர் எதிரில் உட்கார்ந்து, எந்நேரத்துலங்க சார்ஜ் போடுவீங்க என்று கேட்க வேண்டும் எனக்கு. அப்படிக் கேட்டுவிட்டால் அந்த மனிதர் இன்னும் இருக்கிறார் என்று ஆகிவிடும்.

வந்தார். இளைத்திருந்தார். சட்டைப்பையில் பிரஷ் இல்லை. ஒன்றும் கேட்கவில்லை. மெஷினைக் குப்புறத் தள்ளி, நேராக ஸ்க்ரூ டிரைவரைப் போட்டார். கைப்பிடிக்குக் கீழே, சாவி செருகும் ஓட்டை காலியாக இருந்ததை அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நாங்கள் இருவரும் எங்கள் புத்தியை எங்கோ தொலைத்துவிட்டு அந்த மெஷினைச் சுற்றி நின்றோம்.

நான் அறைக்குத் திரும்பியபோது ஆயாம்மா வந்திருந்தாள். லீவு முடிய ஒரு நாள் இருந்தும் வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் முக்காலியைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த சாக்பீஸ் டப்பாவை எடுத்தாள்.

"சாவி இல்லாம எப்படி டீச்சர் ஓடும்? அவரு சொன்ன மாதிரியே புடுங்கி வச்சிட்டுத்தானே போனேன்" என்று மஞ்சள் சாவியை என் கையில் வைத்தாள்.

சந்தோஷமாகத்தான் ஓடினேன். இதோ, முதல் படியிலேயே இருக்கிறது அண்ணே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் பச்சை நிற போர்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயர்கள் தொங்கின.

"போர்டு போயிடுச்சுங்க டீச்சர்."

"செக் பண்ணிப் பாத்தீங்களாண்ணே?"

"வேணாங்க. அது இதுன்னு தொடச்சுக்கிட்டு உக்காந்திருந்தா நேரந்தான் போவும்." போர்டைக் கட்டைவிரலால் தடவினார். "மொதல்லயே இதைத்தான் பாத்திருக்கணும். மொதல்லயே."

என் கை மூடிக்கொண்டது. சாவிதான் இல்லை என்று சொன்னால் என்ன ஆகும்? உங்கள் வரிசை சரிதான், அந்த ஒரு நாள்தான் தப்பு என்று ஆகும். இல்லாவிட்டால், மனைவியைக் கொடுத்து நீங்கள் கற்ற பாடமும் தப்பு என்று ஆகும். எதைச் சொன்னாலும் அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? முப்பது வருஷம் பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையில் சுழித்துக் காட்டியவள் நான். அன்று இந்த ஒரு தப்பைச் சுழிக்காமல் விட்டேன்.

மெஷின் இப்போது சைக்கிள் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. கருக்கரிவாள் கொண்டு இரண்டு பெண்கள் புல் அறுக்கிறார்கள். சாவி என் மேஜை டிராயரில் இருக்கிறது. ஆயாம்மா இரண்டு தடவை கேட்டாள், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள்.

அன்று அவர் எல்லாவற்றையும் திரும்ப மூடியபோது இரண்டு ஸ்க்ரூக்கள் மிஞ்சின. எங்கே மாட்டுவது என்று தேடவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மொபெட்டை உதைக்கப் போனவர் நின்றார். திரும்பி மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு நல்லா ஓடிச்சுல்ல டீச்சர்?"

"ஓடிச்சுண்ணே. நல்லா ஓடிச்சு" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். சாவியின் முனை என் உள்ளங்கையில் குத்தியது. அவர் கேட்டைத் தாண்டிப் போகும்வரை கையை விரிக்கவில்லை.